கிளிக் கட்டில்

சந்திரகலாவைப் போன வாரம் தோட்டத்துப் பக்கம் உப்புத்தாளும் கையுமாக விட்டுவிட்டு வந்தோம். இன்று காலை போய்ப் பார்த்தால் உப்புத்தாள் போய் எண்ணெய்த் துணி வந்திருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம். ஆள் அதே இடத்தில்தான் உட்கார்ந்திருக்கிறாள்.

மகள் வேதாவைப் பெண் பார்க்க வருகிற நாள் இது. கீழ்பென்னாத்தூரிலிருந்து மாப்பிள்ளைப் பையன் சகாதேவன், அவனுடைய அம்மா ரேணுகாம்பாள், தாய்மாமன் அப்பாசாமி ஆகிய மூவரும் காலை பஸ்ஸில் வந்து இறங்கப் போகிறார்கள். வேறு வீடாக இருந்தால் பெண்ணின் அம்மா இந்நேரம் ரவையை வறுத்துக் கொட்டியிருப்பாள். இவளோ சோபாவுக்கு மெருகு ஏற்றிக்கொண்டிருந்தாள்.

சோபா என்று இப்போது மரியாதையாகச் சொல்கிறோம். இரண்டு வாரத்துக்கு முன்னால் அது நீலப் பெயிண்ட் அப்பிய ஒரு பழைய கட்டில். பழைய சாமான் வியாபாரி காசி அதை வண்டியிலிருந்து இறக்கியபோது, எதிர்வீட்டு சரோஜா எட்டிப் பார்த்து, "என்னக்கா, வெந்நீர் அடுப்புக்கா?" என்று கேட்டாள். சந்திரகலா பெயிண்டைச் சுரண்ட ஆரம்பித்தாள். உள்ளே நல்ல தேக்கு. தலைமாட்டுப் பலகையில் ஒன்றையொன்று பார்த்தபடி இரண்டு கிளிகள். ஒரு கிளிக்கு மூக்கு இல்லை.

பிறகு ஆசாரியைக் கூப்பிட்டுக் கட்டிலைக் குறுக்காகப் பாதியாக அறுக்கச் சொன்னாள். கிளிப் பலகை முதுகு சாய்கிற இடமாயிற்று. கால்மாட்டுப் பலகை இரண்டு கைப்பிடிகள் ஆயிற்று. மேலே இலவம்பஞ்சு மெத்தை. மூக்கறுந்த கிளிக்குப் புது மூக்கை அவளே செதுக்கி ஒட்டினாள். ஒரு காலில் மட்டும், தரைக்குச் சற்று மேலே, மரம் சுற்றிலும் தேய்ந்து பள்ளமாக இருந்தது. கன்றுக்குட்டியைக் கட்டியிருப்பார்கள் என்று நினைத்து, மரத்தூளை வஜ்ஜிரப் பசையில் குழைத்து அடைத்துவிட்டு மேலே வார்னிஷ் அடித்தாள்.

இந்த வீட்டில் எல்லாமே இப்படித்தான். இடித்த லாட்ஜ் ஒன்றின் கதவு இங்கே சாப்பாட்டு மேஜை. யாரோ கழித்துப் போட்ட பெஞ்சு புத்தக அலமாரி. பள்ளிக்கூட கிளார்க் கோதண்டராமனின் சம்பளத்தில் புது மேஜைக்கும் நாற்காலிக்கும் எங்கே போவது? தெருவில் அவளைப் பழைய சாமான் மகாராணி என்று கேலி செய்வார்கள். செய்துவிட்டு, வீட்டில் விசேஷம் என்றால் அவளிடம்தான் நாற்காலி இரவல் கேட்பார்கள்.

ஆனால் மகாராணிக்கு ஒரு சட்டம் உண்டு. சாவு வீட்டுக் கட்டில் மட்டும் உள்ளே வரக் கூடாது. உயிர் போன கட்டில் சவத்தோடு வாசலுக்கு வந்துவிட வேண்டும், சுடுகாட்டுப் பக்கம் போய்விட வேண்டும், இன்னொரு வீட்டு நிலைப்படியைத் தாண்டக் கூடாது. அதனால் கட்டில் என்று எது வந்தாலும் காசியைத் தெருவில் நிறுத்தி, மலையைப் பார்த்துச் சத்தியம் செய்யச் சொல்லுவாள். இதற்கும் செய்தார்.

"அண்ணாமலையான் மேல ஆணை தாயே. அந்த வூட்ல சாவே வுழல. மாட்டுக் கொட்டாயில சும்மா கெடந்துச்சு, தூக்கினு வந்தேன்."

அன்றைக்கு நடந்த இன்னொன்றையும் போன வாரம் பார்த்தோம். காசியின் கொட்டகையில் ஒருவர் இருப்பார். பேச மாட்டார். எல்லாரும் சாமி என்றே கூப்பிடுவார்கள். போன வருஷத்துக்கு முந்தைய வருஷம் தீபத்தன்று வந்தவர். கூட்டம் கலைந்து, கடைகளைப் பிரித்துக் கட்டிய பிறகும் கோபுரத்துக்கு எதிரே ஒரே இடத்தில் நின்றுகொண்டே இருந்தாராம். நகரவே இல்லை. காசிதான் கையைப் பிடித்துக் கூட்டி வந்தார். பெயிண்ட் சுரண்டுவதில் சாமியைப் போல் பொறுமைசாலி கிடையாது. சந்திரகலா வீட்டுத் தோட்டத்தில் உட்கார்ந்து எத்தனையோ நாள் சுரண்டிக் கொடுத்திருக்கிறார், வேதா போட்ட சோற்றைச் சாப்பிட்டிருக்கிறார். அந்த நீலக் கட்டில் இறங்கியதுதான் தாமதம், மனிதர் சுவரோடு சுவராக ஒண்டினார். தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அப்படியே காலை இழுத்துக்கொண்டு ஓடியவர்தான். காசி எங்கெங்கோ தேடியும் ஆள் கிடைக்கவில்லை.

சந்திரகலாவுக்கு அது மனதில் உறுத்திக்கொண்டுதான் இருந்தது. ஆனால் பெண் பார்க்கிற வேலையில் அதையும் வார்னிஷ் அடித்து மூடிவிட்டாள்.

"கலா, இங்க வா." கோதண்டராமன் வேட்டி நுனியைப் பிடித்தபடி வந்து நின்றார். "சோபாவைப் பத்தி யாராவது கேட்டா, வேலூர்ல ஆர்டர் குடுத்துப் பண்ணதுன்னு சொல்லணும்."

"எதுக்குங்க பொய்?"

"நான் சொல்லிக்கறேன். நீ வாயைத் தொறக்காம இருந்தாப் போதும். முதல்ல வந்தவங்க அலமாரியைத் தட்டிப் பார்த்துட்டுப் போனாங்க. அடுத்தவங்க மேஜைக்கு அடியில குனிஞ்சு தாழ்ப்பாள் தடத்தைத் தேடினாங்க. ரெண்டு இடமும் அப்பறம் பதிலே போடல. இதுவும் போச்சுன்னா வேதா மூஞ்சியில நான் முழிக்க முடியாது."

சந்திரகலா எண்ணெய்த் துணியை மடித்தாள். அந்த இரண்டு இடமும் தட்டிப்போனதற்குத் தன் பழைய சாமான்தான் காரணமோ என்ற பயம் அவளுக்குள் எப்போதோ குடியேறிவிட்டது. வெளியே சொன்னதில்லை, அவ்வளவுதான்.

இந்த இடம் நல்ல இடம். உரக்கடை, சொந்த வீடு, கொஞ்சம் கழனி. சகாதேவன் ஒரே பிள்ளை என்று தரகர் சொன்னார். ஓர் அண்ணன் இருந்தானாம், மஞ்சள் காமாலையில் போய்விட்டானாம். போட்டோவைப் பார்த்து வேதாவும் சரி என்று தலையாட்டிவிட்டாள். அதற்கப்புறம் அவளுக்குப் பசிகூட ஜாஸ்தியாகிவிட்டது. டைப் கிளாஸுக்குப் போகும்போது தூக்குச் சட்டி நிறையச் சோறு கட்டிக்கொண்டு போகிறாள். கல்யாணக் களை என்று அம்மா கேலி செய்தால் சிரித்து மழுப்புவாள்.

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது.

அப்பாசாமி முதலில் வந்தார். பெரிய உடம்பு, பெரிய குரல். உள்ளே நுழைந்ததும் சோபாவில் பொத்தென்று உட்கார்ந்து இரண்டு தரம் எழும்பிப் பார்த்தார்.

"ஆகா! பஞ்சு மாதிரி கீது சார். எங்க வாங்கனது?"

"வேலூர்லங்க. ஆர்டர் குடுத்துப் பண்ணது." கோதண்டராமன் கண் சிமிட்டாமல் சொன்னார்.

"வேலூர்க்காரன் வேலைன்னா கேக்கணுமா! தேக்கு தானே?"

"அசல் தேக்கு."

சகாதேவன் தனி நாற்காலியில் உட்கார்ந்தான். ஒல்லியான, அமைதியான பையன். யார் பேசினாலும் பேசுகிறவரின் முகத்தைப் பார்த்துக் கேட்டான். சந்திரகலாவுக்கு அவனைப் பிடித்துப்போயிற்று. ரேணுகாம்பாள் அண்ணனுக்குப் பக்கத்தில், சோபாவின் ஓரத்தில் ஒண்டினாற்போல் உட்கார்ந்து, சுவரில் இருந்த சாமி படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சொஜ்ஜி வந்தது. பஜ்ஜி வந்தது. அப்பாசாமி இரண்டாவது தட்டுக்குப் போனார். எல்லாம் நல்லபடியாகப் போகிற தெம்பில் கோதண்டராமனுக்கு வாய் நீண்டது.

"இன்னொண்ணும் சொல்லிடறேங்க. எங்க பொண்ணுக்குச் செய்யறதுல கம்மி வெக்க மாட்டோம். இந்த சோபாவே அவளுக்காகத்தான் பண்ணது. கல்யாணம் முடிஞ்ச கையோட உங்க வூட்டுக்கே வந்துடும்."

சந்திரகலாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. இரண்டு வாரம் முதுகொடிய உழைத்தது அவள். சீர் வரிசையில் சேர்த்துக் கை கழுவுகிறார் இவர்!

"பாரு ரேணுகா," என்றார் அப்பாசாமி. "நம்ம வூட்டுக்கு வரப்போவுதாம். நல்லாப் பாத்துக்கோ."

ரேணுகாம்பாள் மரியாதைக்காகத் திரும்பிப் பார்த்தாள்.

கிளிகளைப் பார்த்தாள். பார்த்தபடியே இருந்தாள். அவள் விரல் ஒரு கிளியின் வாலைத் தடவி, கழுத்துக்கு ஏறி, சந்திரகலா புதிதாக ஒட்டிய மூக்கில் வந்து நின்றது. அந்த மூக்கின் மரம் மட்டும் கொஞ்சம் வெளுப்பு. அதை நகத்தால் ஒரு தரம் சுரண்டினாள். பிறகு கை தானாகக் கீழே போயிற்று, முன்னங்காலைத் தடவிக்கொண்டே இறங்கி, தரைக்குச் சற்று மேலே அந்த அடைத்த பள்ளத்தைச் சுற்றிப் பிடித்துக்கொண்டது.

அந்த நேரம் பார்த்துத்தான் வேதா காபித் தட்டோடு வந்தாள். முதல் டம்ளரை ரேணுகாம்பாளிடம் நீட்டினாள். வாங்கிய கையில் டம்ளர் நிற்கவில்லை. காபி மெத்தையெல்லாம் கொட்டியது. ரேணுகாம்பாள் நெருப்பை மிதித்தவள் போலத் துள்ளி எழுந்து சுவர் ஓரம் போய் நின்றாள்.

"இது எங்க வூட்டுக் கட்டில்," என்றாள்.

கோதண்டராமன் சிரிக்கப் பார்த்தார்.

"வேலூர்லம்மா... ஆர்டர் குடுத்து..."

"எங்க வூட்டுக் கட்டில்! எனக்குத் தெரியாதா? என் மாமியார் எனக்குச் சொல்லிச் சொல்லிக் காட்டின கிளி. நீலப் பெயிண்ட் அடிச்சது நானு." குரல் கிறீச்சிட்டது. "என் மூத்தவன் உசிரு போனது இதுலதான்!"

வேதா தட்டோடு ஓரடி பின்வாங்கினாள். மீதி டம்ளர்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன.

சந்திரகலா அந்தக் கிளிகளைப் பார்த்தாள். உயிர் போன கட்டில்! எது நிலைப்படி தாண்டக் கூடாது என்று காலமெல்லாம் காவல் காத்தாளோ, அதையே அறுத்து, இழைத்து, மெருகு போட்டு, மகளைப் பெண் பார்க்கும் நாளில் நடுக்கூடத்தில் போட்டுவிட்டாள். அதுவும் யாரை உட்கார வைத்தாள்! பெற்ற தாயையே உட்கார வைத்துவிட்டாள். பூமி பிளந்து தன்னை உள்ளே இழுத்துக்கொள்ளாதா என்றிருந்தது அவளுக்கு.

"சாவுக் கட்டிலா?" கோதண்டராமன் பெண்டாட்டி பக்கம் திரும்பினார். வேலூர் பொய் வெளுத்த வெட்கமும் சேர்ந்து அவர் முகம் கறுத்திருந்தது. "நல்ல காரியத்துக்குச் சாவுக் கட்டிலையா போட்டு வெச்சே? உன் பழைய சாமான் பைத்தியத்துக்கு ஒரு அளவே இல்லையா?"

"காசி சத்தியம் பண்ணாருங்க..."

"எவன் சத்தியம் பண்ணா என்ன? அந்தம்மா சொல்றாங்களே!"

அப்பாசாமி துண்டை உதறித் தோளில் போட்டார். "போவட்டும் வுடுங்க சார், தெரியாம நடந்தது. நாங்க கெளம்பறோம். எழுந்திரு சகாதேவா."

மூன்றாவது இடமும் போயிற்று. வேதா தலை நிமிராமல் நின்றாள். அந்தக் குனிந்த தலையைப் பார்த்ததும் சந்திரகலாவுக்கு வயிறு எரிந்தது. எரிச்சலில்தான் புத்தி வேலை செய்ய ஆரம்பித்தது.

காசி வேம்பைத் தேக்கு என்பார். பூச்சி அரித்த பலகையைப் பூ வேலை என்பார். ஆனால் மலையைப் பார்த்து மட்டும் அவர் பொய் சொல்லி அவள் கேட்டதில்லை.

"ஒரு நிமிஷம் அண்ணே," என்றாள். "இந்தக் கட்டிலை யார் வித்தது?"

அப்பாசாமி வாசலில் கால் வைத்தவர் நின்றார். "நான்தான். பொண்ணு வூட்டுக்காரங்க வூடு பாக்க வருவாங்களே, கொட்டாயில அடைசலா கெடக்குதேன்னு தள்ளி வுட்டேன். அதுக்கென்ன?"

"உசிரு போன கட்டில்னா அன்னிக்கே சுடுகாட்டோட போயிருக்கணுமே. உங்க ஊர்லயும் அதானே வழக்கம்? இத்தன நாளா கொட்டாயில எப்படி இருந்துச்சு?"

அப்பாசாமி தங்கையைப் பார்த்தார். தங்கை தரையைப் பார்த்தாள்.

"அம்மா, போதும்மா," என்றான் சகாதேவன்.

வந்ததிலிருந்து அவன் முழுதாகப் பேசிய முதல் பேச்சு அதுதான். நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. கண் அந்த முன்னங்காலிலேயே இருந்தது.

"அண்ணன் சாவலங்க."

"டேய்!" என்று அதட்டினார் அப்பாசாமி.

"ராஜேந்திரன்னு பேரு. நல்லாத்தான் இருந்துச்சு. காலேஜுக்குப் போன எடத்துல புத்தி கலங்கிடுச்சு. எங்க வைத்தியம் பாத்தும் கேக்கல. ராத்திரில எழுந்து கெணத்துப் பக்கம் போவும். அதனால இந்தக் கட்டில்ல..." அவன் விரல் அந்தக் காலைக் காட்டியது. "சங்கிலி போட்டு வெச்சிருந்தோம். பைத்தியக்காரன் தம்பிக்கு யாரு பொண்ணு குடுப்பாங்கன்னு ஊர்ல பேச்சு வந்தது. ரெண்டு வருஷத்துக்கு முன்னால தீபத்துக்குக் கூட்டினு வந்தோம். கோபுரத்துக்கு எதுத்தாப்புல நிறுத்தி, கற்பூரம் வாங்கினு வர்றேன், இங்கயே நில்லுடான்னு மாமா சொன்னாரு. அண்ணன் தலையாட்டிட்டு நின்னுச்சு. நாங்க பஸ் ஏறிட்டோம்."

ரேணுகாம்பாள் புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டாள். தடுத்தும் அழுகை வந்துவிட்டது.

சந்திரகலா தோட்டத்துப் பக்கம் திரும்பினாள். கூட்டம் கலைந்த பிறகும் ஒரே இடத்தில் நின்ற மனிதர். கூப்பிட்டும் நகராத மனிதர். நிற்கச் சொல்லிவிட்டுப் போனவர்கள் வருவார்கள் என்றல்லவா நின்றிருக்கிறார்!

தோட்டத்தில் உட்கார்ந்து அவர் பெயிண்ட் சுரண்டும்போது கணுக்காலைச் சுற்றி வளையமாக ஒரு தழும்பு தெரியும். பழைய காயமாக இருக்கும் என்று அவள் கேட்காமலே விட்டுவிட்டாள். அதே போல் ஒரு வளையத்தை இந்தத் தேக்குக் காலிலும் பார்த்தாள். கன்றுக்குட்டி என்று நினைத்து மூடினாள்.

இப்போது வாயைத் திறந்தால் இந்தச் சம்பந்தம் நிச்சயம் இல்லை. திறக்காவிட்டால்? மகளைப் பார்த்தாள். வேதா நிமிர்ந்து நேராக அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்திலும் ரத்தம் இல்லை.

"தம்பி," என்றாள் சந்திரகலா. "உங்க அண்ணனுக்குக் கால்ல ஏதாவது தழும்பு உண்டா?"

"அதெல்லாம் ஒண்ணும் கெடையாது," என்று அவசரமாகச் சொன்னார் அப்பாசாமி.

"உண்டு," என்றான் சகாதேவன். "இடது கால்ல. கணுக்காலைச் சுத்தி." அவன் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டான். "எனக்குத் தெரியாம எப்படிங்க இருக்கும்? தெனமும் பூட்டறது நான்தான். வேற யாரு வந்தாலும் திமிறும். நான் போனா மட்டும் தானா காலை நீட்டும்."

கோதண்டராமன் மெல்லத் தரையில் உட்கார்ந்துவிட்டார். அவருக்கும் விளங்கிவிட்டது. எத்தனை ஞாயிற்றுக்கிழமை, "என்ன சாமி, காபி சாப்பிடறியா?" என்று கேட்டிருக்கிறார்! கேட்டதும் அந்த மனிதர் இரண்டு கையாலும் டம்ளரை வாங்கிக்கொள்வார்.

"அவரு இங்கதான் இருந்தாரு," என்றாள் சந்திரகலா. "எங்க தோட்டத்துல. எங்க சோத்தைச் சாப்பிட்டுக்கிட்டு. இந்தக் கட்டிலைப் பார்த்துத்தான் ஓடிட்டாரு. எங்க போனாருன்னு தெரியல தம்பி. தேடாத எடம் இல்ல."

சகாதேவன் எழுந்துவிட்டான். "எந்தப் பக்கம் ஓடிச்சு? சொல்லுங்கம்மா, எந்தப் பக்கம்?" ரேணுகாம்பாள் ஓடிவந்து சந்திரகலாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். அப்பாசாமி மட்டும் வாசலில் நின்றபடி, எதிர்வீட்டில் யாராவது கேட்டுக்கொண்டிருக்கிறார்களா என்று பார்த்தார்.

காபித் தட்டை மேஜைமேல் வைக்கும் சத்தம் கேட்டது.

வேதா. பட்டுப்புடவையும் தலை நிறையப் பூவுமாகப் பார்க்கப்பட வந்தவள், கூடத்தின் நடுவில் நின்று, மாப்பிள்ளையாக வந்தவனை இப்போதுதான் முதல் தடவையாக ஏற இறங்கப் பார்த்தாள்.

"எனக்குத் தெரியும், அவரு எங்க இருக்காருன்னு," என்றாள். "அடி அண்ணாமலைப் பக்கம் ஒரு பாழ் மண்டபத்துல. தெனமும் நான்தான் சோறு கொண்டு போறேன்."

சந்திரகலாவுக்கு அந்தத் தூக்குச் சட்டி கண்முன்னால் வந்து நின்றது.

சகாதேவன் ஓரடி முன்னால் வந்தான். "கூட்டினு போங்க. இப்பவே."

"எடம் தெரியும்," என்றாள் வேதா. அவள் கண் ரேணுகாம்பாளிடமிருந்து அப்பாசாமிக்கும், அப்பாசாமியிடமிருந்து சகாதேவனுக்கும் போய், கடைசியில் அந்தத் தேக்குக் காலில் வந்து நின்றது. "அதை உங்களுக்குச் சொல்லலாமா கூடாதான்னுதான் எனக்குத் தெரியல."